பெரகலை ஏற்றத்துக்கு எந்தப் பக்கத்தால் போவது

எங்கள் யாழ்ப்பாணத்துச் சைக்கிள் கூட்டத்தில் மலை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நீர்வேலியில் இருந்து வல்வெட்டித்துறை வரைக்கும் சைக்கிள் உழக்கிக்கொண்டு போனால், வழியில் வரும் ஆகப் பெரிய ஏற்றம் ஏதாவது ஒரு மதகுதான். அதையும் ஏறி இறங்கிய பிறகுதான் ஏறியதே தெரியவரும். எங்களுக்குக் கஷ்டம் என்றால் காற்று. ஆடி மாதத்துச் சோழகம் முகத்தில் அடிக்கிற நாளில் கடற்கரை வீதியில் சைக்கிள் ஓடியவருக்கு வேறு தண்டனை தேவையில்லை.

அப்படிப்பட்ட எங்களிடம்தான் எட்வேர்ட் அண்ணை மலைநாட்டில் ஒரு வட்டம் அடிப்போம் என்றார். சனிக்கிழமைகளில் ஓடி முடித்துக் கூடும் தேத்தண்ணிக் கடையில், வடையைக் கடித்துக்கொண்டு, ஏதோ கோப்பாய்ச் சந்தி வரைக்கும் போய்வருவது போலச் சொன்னார்.

"பண்டாரவளையிலை துவங்கிறம். வெல்லவாயவுக்கு இறங்கிறம். திரும்ப ஏறிப் பண்டாரவளைக்கு வாறம். ஒரே நாளிலை முடிக்கலாம். தங்கச்சி, உம்மடை ஃபோனிலை ஒருக்காப் பாதையைப் போட்டுப் பாரும்."

தங்கச்சி என்றது என்னை. என் பெயர் உதயகலா, கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. கூட்டத்தில் நல்ல ஃபோன் என்னிடம் இருப்பதால் எல்லாத் திட்டமும் என் தலையில்தான் வந்து விழும். என் கணவர் கோபிசங்கர் வாழைத் தோட்டம் செய்கிறவர். நான் போடும் திட்டத்தைக் குழப்புவது அவருடைய பொறுப்பு. எட்வேர்ட் அண்ணை உடுவில் பக்கத்து மிஷன் கிறிஸ்தவக் குடும்பம், வங்கியில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவரையும் விட எவ்வளவோ மூத்தவர், ஆனாலும் எதிர்காற்றுக்குள் முன்னுக்குப் போகிறவர் அவர்தான்.

பாதையைப் போட்டேன். ஃபோனில் ஒரு நீலக் கோடு பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, கொஸ்லந்தை, பெரகலை, அப்புத்தளை என்று சுற்றிவந்து பண்டாரவளையில் முடிந்தது. கொஸ்லந்தைக்கும் பெரகலைக்கும் நடுவில் அந்தக் கோடு சிவந்து போயிருந்தது. அவ்வளவு செங்குத்து. கோபி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். அந்த ஏற்றத்தில்தான் நிஷானியின் வீடு இருக்கிறது.

நிஷானி எட்வேர்ட் அண்ணையின் ஒரே மகள். தாதி வேலை கிடைத்து மலைநாட்டுக்குப் போனவள், அங்கேயே மோகன்ராஜ் என்ற ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மோகன்ராஜின் தாயும் தகப்பனும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இது போதும் எங்கள் ஊருக்கு, ஒருவரைக் கீழாகப் பார்க்க. தேவாலயத்தில் எல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று கணீரென்று வாசிக்கிற எட்வேர்ட் அண்ணை, மகளின் கல்யாணத்துக்குப் போகவில்லை. பேரன் பிறந்து, தவழ்ந்து, இப்போது நடக்கிறான். அவர் இன்னும் போகவில்லை.

அண்ணையின் மனைவி நேசம்மா அக்கா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் போகும் நாட்களில் அண்ணை எங்களோடு கதையாமல் சைக்கிள் உழக்குவார். கோபத்தை எப்போதோ தொலைத்துவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் எந்த முகத்தோடு போய் நிற்பது? நேராகப் போனால் மகளிடம் போனதாகிவிடும். வட்டம் அடித்தால் வீடு வழியில் வரும். வழியில் வந்த வீட்டுக்கு யாரும் பொறுப்பில்லை அல்லவா? இவ்வளவும் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு நடந்த எதுவும் விளங்கவில்லை.

"மொத்த ஏற்றம் ரெண்டாயிரம் மீற்றர் கிட்டக் காட்டுது," என்றேன்.

"பிழை," என்றார் கோபி. "துவங்கிற இடமும் முடியிற இடமும் ஒண்டுதானே. எவ்வளவு ஏறினமோ அவ்வளவு இறங்குவம். கழிச்சால் பூச்சியம்."

"பூச்சியமெண்டால் ஏன் ரெண்டாயிரம் எண்டு காட்டுது?"

"இறங்கிறதைக் கழிக்க மறந்துபோச்சு."

"கோபி சொல்லுறதிலை ஞாயம் இருக்கு," என்றார் எட்வேர்ட் அண்ணை. வரவையும் செலவையும் நேர்செய்தே காலம் தள்ளிய மனிதர். எனக்கும் கொஞ்ச நேரம் சரி போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான், காலுக்குக் கழித்தல் தெரியாதே என்று உறைத்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? அன்றைக்குக் கடையில், சிவந்த இடத்தில் சரிவு பன்னிரண்டு வீதம் என்று போட்டிருந்ததைக் காட்டினேன். நூற்றுக்குப் பன்னிரண்டு எடுத்தவனைப் பள்ளிக்கூடத்தில் யாரும் பெரிய ஆளாக மதிக்க மாட்டார்கள், அதற்கு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டார் கோபி.

அடுத்தது, எந்தப் பக்கத்தால் சுற்றுவது. இதில்தான் என் மண்டை காய்ந்தது.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பாதையைக் காற்றை வைத்துத்தான் போடுவோம். உடம்பில் தெம்பு இருக்கும்போது எதிர்காற்றில் போய்விட வேண்டும், களைத்துத் திரும்பும்போது பின்காற்று தள்ளிக்கொண்டு வரும். எட்வேர்ட் அண்ணை அந்தக் கணக்கை அப்படியே தூக்கி மலையில் வைத்தார்.

"சோழகம் தென்மேற்கிலை இருந்து அடிக்கும். அப்ப முதல் அப்புத்தளைக்குப் போவம், அது எதிர்காத்து. பிறகு பெரகலையாலை வெல்லவாயவுக்கு இறங்குவம். எல்லப் பக்கத்தாலை ஏறி வரேக்கை காத்து எங்களைத் தள்ளும்."

"அது இடமாச் சுத்திறது," என்றார் கோபி உடனே. "நாங்கள் கோயிலை வலமாத்தான் சுத்திறது. இடமாச் சுத்திறது செத்தவீட்டிலை."

"உது கோயில் இல்லை, கோபி. றோட்டு."

"சுத்திறது எண்டு வந்தால் எல்லாம் ஒண்டுதான் அண்ணை."

நான் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடமாகச் சுற்றினால் நிஷானியின் வீடு இறக்கத்தில் வரும். கண் மூடித் திறப்பதற்குள் வீட்டைக் கடந்துவிடலாம். நிற்க நினைத்தாலும் நிற்க முடியாது, அதனால் நிற்காததற்கு ஒரு காரணம் கிடைக்கும். வலமாகச் சுற்றினால் அதே வீடு ஏற்றத்தில் வரும். நத்தை போல ஊர்ந்துதான் போக வேண்டும். வாசலில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் போக வழியே இல்லை. அண்ணைக்கும் இது தெரியும். அதனால்தான் காற்றைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்.

இடமாக என்று எழுந்து போனவர், செவ்வாய்க்கிழமை ஃபோன் எடுத்து வலமாகப் போகலாம் என்றார். காற்று மாறுமாம். வெள்ளிக்கிழமை மறுபடியும் இடம். அடுத்த கிழமை, கொஸ்லந்தைப் பக்கமே போகாமல் எல்ல வரைக்கும் போய் வந்த வழியே திரும்பினால் என்ன என்று கேட்டார். அது வட்டம் இல்லையே அண்ணை, கோடு என்றேன். "அப்ப வட்டமாவே போடும்," என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு விசர் பிடிக்காத குறை. வாகனக்காரருக்கு நாளைச் சொல்ல வேண்டும், தங்குமிடத்துக்குச் சொல்ல வேண்டும், இவர் என்னடாவென்றால் சோழகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

பயிற்சிக்கு மலை வேண்டுமே. கோபி வழி கண்டுபிடித்தார். கரியரில் வாழைக்குலையைக் கட்டிக்கொண்டு எதிர்காற்றில் ஓடுவது. "ஒரு குலை எண்டால் எல்ல ஏத்தம். ரெண்டு குலை எண்டால் பெரகலை," என்று அளவும் சொன்னார். எட்வேர்ட் அண்ணை இரண்டு குலையோடு வல்வெட்டித்துறைக் கரையால் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். வழியில் ஒரு பெண் மறித்து, கதலி என்ன விலை என்று கேட்டார். அண்ணை இறங்கி நின்று, இது விற்பனைக்கில்லை, மலை ஏறுவதற்கு என்று விளக்கம் சொன்னார். அந்தப் பெண் எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது.

ஒருநாள் மத்தியானம் வேலையிடத்துக்கு ஒரு ஃபோன் வந்தது.

"அக்கா, நான் நிஷானி கதைக்கிறன். எட்வேர்ட் அண்ணையின்ரை மகள். அம்மா நம்பர் தந்தவ. நீங்கள் எந்தப் பக்கத்தாலை வாறியள்?"

"எனக்கே தெரியாது பிள்ளை. உம்மடை அப்பா ஒரு நாளைக்கு ஒண்டு சொல்லுறார்."

"இறக்கத்தாலை வரவேண்டாம் அக்கா. எங்கடை வீட்டடியிலை வளைவுக்கு மேலை வளைவு. சின்னத் தூறல் எண்டாலும் லொறியளே இழுபட்டுப் போகுது. அப்பா சமதரையிலை ஓடின ஆள். உப்பிடியான இறக்கத்திலை பிரேக் பிடிக்க அவருக்குத் தெரியாது."

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நான் வாசல்லை நிப்பன் எண்டு யோசிச்சுத்தான் அப்பா இறக்கத்தாலை வரப் பாக்கிறார் எண்டால், நான் நிக்கமாட்டன். அண்டைக்கு வாசல் கேற்றைப் பூட்டிப்போட்டு மகனோடை உள்ளுக்கை இருப்பன். அவர் தன்ரை பாட்டிலை போகட்டும். ஏறுற பக்கத்தாலை மட்டும் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் கதைச்சது அவருக்குத் தெரியவேண்டாம்."

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. தகப்பன் தன் வீட்டில் நிற்பாரா என்றுகூட அவள் கேட்கவில்லை. அவர் விழாமல் போனால் போதும் என்கிறாள். எனக்கு அண்ணை மேல் கோபம் வந்தது. கல்யாண வீட்டுக்குப் போகாத மனிதனுக்கு இப்படி ஒரு பிள்ளை. அதை அவரிடம் சொல்லவும் முடியாமல் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை தேத்தண்ணிக் கடையில் நான் கோபியின் கட்சிக்கு மாறினேன். நம்ப முடியாமல் அவர் என்னைப் பார்த்தார். வீட்டில் அவர் சொல்வதற்கு நான் ஓம் போட்டு அவர் கண்டதில்லை.

"வலமாப் போவம் அண்ணை," என்றேன். "இறக்கத்திலை எங்களுக்குப் பழக்கமில்லை. பெரகலையிலை மழையும் பெய்யுமாம். ஏத்தம் எண்டால் கஷ்டம்தான், ஆனால் ஏத்தத்திலை விழுந்து ஒருத்தரும் சாகிறேல்லை."

எட்வேர்ட் அண்ணை ஃபோனை வாங்கி அந்தச் சிவந்த இடத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார். அதற்கு மேல் பெரிதாக்க முடியாத இடத்தில், ஒரு கூரை தெரிகிற அளவில் நிறுத்தினார். தேத்தண்ணி ஆறிப்போனது.

"கோபி சொல்லுறதுதான் சரி," என்றார் கடைசியில். "நல்ல காரியத்துக்குப் போகேக்கை இடமாச் சுத்தக்கூடாது."

மிஷன் குடும்பத்து மனிதர், தேவாலயத்துச் சபையில் இருப்பவர், கோபியின் கோயில் முறையைப் பிடித்துக்கொண்டார். கோபிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இன்னொரு வடைக்குச் சொன்னார். நான் சந்தர்ப்பத்தை விடாமல் கேட்டேன்.

"வழியிலை எங்கையும் நிக்கிறதோ அண்ணை?"

"பாப்பம்."

எங்கள் ஊரில் 'பாப்பம்' என்றால் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. சொன்னவருக்கே தெரியாது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து நிஷானிக்கு, ஏறுகிற பக்கத்தால்தான் வருகிறோம் என்று மட்டும் சொன்னேன். "நல்லது அக்கா," என்றாள். நிற்பாரோ என்று அப்போதும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் விடுமுறையில் சைக்கிள்களை வாகனத்தில் கட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனோம். விடிய எழும்பினால் குளிர், கண்ணை மறைக்கிற பனிப்புகார், எந்தப் பக்கம் கிழக்கு என்றே தெரியவில்லை. எல்லவில் இருந்து வெல்லவாயவுக்கு இறங்கியபோது, அண்ணையை இறக்கத்தால் கூட்டிவர வேண்டாம் என்று நிஷானி ஏன் கெஞ்சினாள் என்று விளங்கியது. இது சுமாரான இறக்கமாம். இதிலேயே பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மடங்க மறுத்தது. ரப்பர் எரிந்த மணம் எங்களோடு கூடவே வந்தது. கோபி கீழே வந்து சேர்ந்ததும் சைக்கிளை விட்டுவிட்டு மரத்தடியில் இருந்தார். கழித்தல் கணக்கைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வெல்லவாயவில் வெயில் எங்கள் ஊர் வெயில். சோறு சாப்பிட்டுவிட்டு மேற்கே திரும்பினோம். கொஸ்லந்தை தாண்டியதும் ஏற்றம் பிடித்துக்கொண்டது.

எனக்கு எதுவும் புரியவில்லை. காற்று கொஞ்சமும் இல்லை. மரங்கள் அசையாமல் நின்றன. எதிர்காற்றில் ஓடுகிறவருக்கு எதிரி எங்கே என்று தெரியும், குனிந்துகொள்ளலாம், இன்னொருவரின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். இங்கே எதிரியைக் காணவில்லை, அடி மட்டும் விழுந்தது. ஒளிவதற்கும் யாருமில்லை. எட்வேர்ட் அண்ணை முன்னால் ஒரு வளைவுக்குள் மறைந்தார், கோபி பின்னால் ஒரு வளைவில் தொலைந்துபோனார். ஆகக் குறைந்த கியரிலும் சில்லு சுற்ற மறுத்தது. கடைசியில் இறங்கித் தள்ளினேன். வெட்கமாக இருந்தது, பார்ப்பதற்குத் தேயிலைச் செடிகள் மட்டுமே இருந்ததால் பரவாயில்லை.

வளைவு திரும்பியபோது கொஞ்சம் மேலே அண்ணையைக் கண்டேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு வீட்டுக்கு முன்னால் நின்றார். நின்றுவிட்டார் என்று கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் கேற்றைப் பார்த்தேன். சொன்னபடியே பூட்டியிருந்தாள். கதவும் யன்னலும் சாத்திக் கிடந்தன.

வேகமாகத் தள்ளிக்கொண்டு போனேன். வேகம் என்பது என் நினைப்பில்தான், கால் நகரவில்லை.

"பூட்டிக் கிடக்கு," என்றார், நான் கிட்டப் போனதும். முகம் வியர்வையில் நனைந்திருந்தது. "நாங்கள் இண்டைக்கு வாறது அவளுக்குத் தெரியும். நேசம் சொல்லியிருப்பா. தெரிஞ்சுகொண்டுதான் பூட்டியிருக்கிறாள்."

"இல்லை அண்ணை, அவள்..." என்று தொடங்கினேன். மூச்சுத்தான் வந்தது, சொல் வரவில்லை. நெஞ்சு அடித்த அடியில் வாக்குக் கொடுத்தது, கொடுக்காதது எல்லாம் மறந்துபோய் உண்மையைச் சொல்லத்தான் நின்றேன். சொல்ல முடியவில்லை.

"பிழை இல்லை," என்றார். "நான் செய்ததைத்தான் அவள் செய்யிறாள். வாரும், போவம்."

சைக்கிளை வீதிக்குத் திருப்பினார். எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் ஏறுவது போல, இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் நிலத்தை உதைத்துக் கெந்திக் கெந்தி ஏறப் பார்த்தார். சமதரையில் என்றால் இரண்டு கெந்தலில் சைக்கிள் ஓடும். இங்கே உதைத்த இடத்திலேயே நின்று, பின்னால் உருண்டது. மறுபடி உதைத்தார். மறுபடி உருண்டது. காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார், முன்சில்லு கோணிக்கொண்டு வேலிப்பக்கம் போனது. நின்றவர் திரும்பப் புறப்பட முடியாத ஏற்றம் அது. அவர் விடாமல் முயன்றுகொண்டே இருந்தார், அந்த வீட்டு வாசலிலேயே, பூட்டிய கேற்றுக்கு முன்னால். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

கதவு திறந்தது. நிஷானி வந்தாள், கேற்றைத் திறந்தாள். தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே சைக்கிளின் பின்னால் போய்க் கரியரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"இதிலை கெந்தி ஏறேலாது அப்பா. நீங்கள் ஏறி இருங்கோ. நான் தள்ளி விடுறன்."

அவர் அசையவில்லை. கைபிடியைப் பிடித்தபடி குனிந்து நின்றார். தோள் ஏறி இறங்கியது. அது ஏற்றத்தால் வந்த மூச்சா, வேறா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தள்ளாதை பிள்ளை," என்றார் கடைசியில். "எனக்குக் குடிக்கத் தண்ணி தா."

நிஷானியின் கைகள் கரியரிலேயே இருந்தன. அவர் கைகளும் கைபிடியை விடவில்லை. யார் விட்டாலும் அது கீழே உருண்டுவிடும். நான் என் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுப் போய் அவருடையதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். உள்ளே ஒரு சின்னக் குரல் யார் என்று கேட்டது.

கோபியை இன்னும் காணவில்லை. நான் சரிவில் காலை ஊன்றிக்கொண்டு அழுதேன். அண்ணையின் சைக்கிளில் மாட்டியிருந்த போத்தலில் தண்ணீர் பாதிக்கு மேல் கிடந்தது.